மார்கழிப் பனியில் சிறுமலை

மதுரையில் இருந்து திண்டுக்கல்லுக்கு ரயிலில் போனால், சோழவந்தான் தாண்டியதும் வலதுபக்க ஜன்னலில் ஒரு மலை கூடவே வரும். வண்டியில் இருப்பவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கொடைக்கானலுக்குப் போகிற கூட்டம் இடதுபக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வலதுபக்க மலைதான் சிறுமலை. மேற்குத் தொடர்ச்சி மலையோடு ஒட்டாமல் சமவெளிக்கு நடுவே தனியாக நிற்கிறது. படம் எடுப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கிழக்கு விளிம்புக்குப் போனால் நத்தம் பக்கம் சூரியோதயம், மேற்கு விளிம்புக்கு வந்தால் பழனி மலைகளுக்குப் பின்னால் அஸ்தமனம். இரண்டு வெளிச்சமும் ஒரே மலையில். ஆள், வீடு, கம்பி வேலி எதுவும் இல்லாமல் மலையும் வானமும் மட்டும் இருக்கிற படங்கள் வேண்டும் என்று கிளம்பினேன்.

துணைக்கு மாமா. அம்மாவின் தம்பி. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கார் அவருடையது, பெட்ரோல் என்னுடையது, சாப்பாட்டுக் கடையை முடிவு செய்யும் அதிகாரம் முழுக்க அவருடையது.

ஜனவரி 6, செவ்வாய். பாலமேடு, சாத்தையாறு அணை

விடியும் முன்பே அலங்காநல்லூரைத் தாண்டிவிட்டோம். மார்கழி என்பதால் எல்லா ஊரிலும் ஒலிபெருக்கி. ஒரு ஊரின் திருப்பாவை முடிவதற்குள் அடுத்த ஊரின் ஐயப்பன் பாட்டு வந்து சேர்ந்துகொண்டது. பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம்தான். மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு என்பதால் ரோட்டோரம் முழுக்கக் காளைகள்தான். நடைப்பயிற்சிக்குப் போகிறது ஒன்று, மண்ணைக் கொம்பால் குத்திக்கொண்டிருக்கிறது ஒன்று. காளைகளுக்கு வைக்கிற தீனியைக் கேட்டால் நமக்குப் பொறாமை வரும்: பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், நாட்டுக்கோழி முட்டை.

பாலமேட்டில் ஒரு கடையில் இட்லி. நான்கு இட்லி, ஒரு வடை, டீ எல்லாம் சேர்த்து 65 ரூபாய். தக்காளிச் சட்னியில் காரம் கொஞ்சம் தூக்கல். மாமா மூன்றாவது முறை சட்னி கேட்டபோது கடைக்காரர் வாளியையே எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சாத்தையாறு அணை பெரிய அணை இல்லை. முழு நீர்மட்டமே 29 அடிதான். சிறுமலையில் பெய்கிற மழை இங்கே வந்து தேங்கி, பாலமேட்டுப் பக்கத்து வயல்களுக்குப் போய், மிச்சம் மீதி மதுரை வண்டியூர்க் கண்மாய் வரை வர வேண்டும் என்பது கணக்கு. வண்டியூரில் வசிக்கும் எனக்கு இது தெரியும், ஆனால் அந்தத் தண்ணீரின் மறுமுனையைப் பார்த்ததில்லை. கரையில் ஏறியதும் எதிரே மொத்த மலையும் தெரிந்தது. ஜனவரியில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கும். அந்தச் சாய்வான வெளிச்சம் மலையின் தெற்கு முகத்தில் வலதுபக்கமிருந்து விழுகிறது. அதனால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் கிடைக்கிறது. இதே மலை மத்தியானம் தட்டையாக, சாம்பல் நிறத்தில் கிடக்கும். காலை ஏழில் இருந்து ஏழரைக்குள் என்ன எடுக்கிறோமோ அதுதான்.

தண்ணீரில் ஒருவர் காளையை நீச்சலுக்கு இறக்கியிருந்தார். நான் மலையைப் பார்த்து டிரைபாடை நிறுத்த, அவர் தூரத்தில் இருந்தே கை காட்டினார். "தாயி, மாட்ட எடுக்காதத்தா. இப்பப் போய்க் கண்ணு பட்டா வாடிவாசல்ல நிக்காது." மாட்டை எடுக்கவில்லை, மலையைத்தான் எடுக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. மலையையா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு மாட்டை ஓட்டிக்கொண்டு கரையின் மறுபக்கம் போய்விட்டார். அவர் கிளம்பியதும் தண்ணீர் அடங்கி மலை தலைகீழாக விழுந்தது. நல்ல படம். ஆனால் அந்த மாடும் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

உள் ரோடு பிடித்து நத்தம், அங்கிருந்து கோபால்பட்டி, சாணார்பட்டி வழியாக சிறுமலைப் பிரிவு. வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்த்தார்கள். பிளாஸ்டிக் பாட்டில், மது பாட்டில் இரண்டும் கூடாது. டிரைபாடைப் பார்த்து, "ட்ரோன் இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டார் காவலர். இல்லை என்றதும் நிம்மதியாகி, மாட்டுக்கூட்டம் வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னது காட்டுமாட்டை. அந்த அறிவுரையை மாமா தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. 18 கொண்டை ஊசி வளைவுக்கும் 18 ஹாரன்.

மேலே போனால் அறை இல்லை. போனில் பேசி, முன்பணமும் கட்டி வைத்திருந்த விடுதியில், "உங்களுக்கு நாளைக்குத்தான் போட்டிருக்கு" என்றார்கள். உள்ளே ஏதோ கம்பெனிக் கூட்டம் ஸ்பீக்கர் வைத்து ஆடிக்கொண்டிருந்தது. முன்பணம் திரும்பி வர "மேனேஜர் வரணும்". மேனேஜர் திண்டுக்கல்லில். மாமா அவர்களோடு பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

டீக்கடையில் விசாரித்ததில், பழையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் முன்னறை தருவார்கள் என்றார்கள். அந்த வீட்டு அக்கா எங்களை வாசலில் நிற்க வைத்தே விலையைச் சொல்லிவிட்டார். "ராத்திரிக்கு 800. சுடுதண்ணி ஒரு வாளி 30, வெறகு நான்தான் பொறுக்கணும். சோறு ஆளுக்கு 120, கோழின்னா 200. காப்பி காசில்ல." இப்படி ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறவர்கள் வீட்டில் தங்குவதே தனி சுகம். எவ்வளவு கொடுப்பது, வாங்குவார்களா, கோபித்துக்கொள்வார்களா என்ற தவிப்பு கிடையாது. ராத்திரி சவ்சவ் கூட்டும் மிளகு ரசமும். சவ்சவ் கொல்லையில் காய்த்தது, மிளகும் அப்படியே.

ஜனவரி 7, புதன். கிழக்கு விளிம்பு, வெள்ளிமலை

காலை ஐந்து மணிக்கு அக்காவின் மகன் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். பாலிடெக்னிக் படிக்கிறான். காப்பித் தோட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதை. சட்டை நுனியில் இருந்து செருப்பு வரை நனைந்துவிட்டது. மழை இல்லை, இலைகளில் இருந்து சொட்டுகிற பனிதான். தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு பாறை. அதற்குக் கீழே நத்தம் சமவெளி.

டிரைபாடை நிறுத்தி இரண்டு நிமிடம் ஆகவில்லை, லென்ஸில் பனி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோனால் இப்படித்தான் ஆகும், துடைத்துப் பயனில்லை, லேசாகச் சூடாக்கி வைக்க வேண்டும். அதற்கென்றே லென்ஸில் சுற்றுகிற சூட்டுப் பட்டை விற்கிறார்கள், என்னிடம் இல்லை. மாமா தன் இருமல் மருந்தின் காலி பாட்டிலில் பிளாஸ்கில் இருந்து சுடுதண்ணீரை ஊற்றினார். தலையில் இருந்த குரங்குக் குல்லாவைக் கழற்றி லென்ஸைச் சுற்றி மாட்டி, பாட்டிலை அதற்குள் சொருகினார். பஸ் கண்ணாடியில் பனி படிந்தால் புகையிலையை வைத்துத் துடைப்பார்களாம், ஆனால் இது விலை உயர்ந்த கண்ணாடி என்பதால் யோசித்தாராம். யோசித்தது நல்லதாகப் போயிற்று. குல்லா போட்ட கேமரா அதன்பிறகு அடங்கி வேலை செய்தது. அந்தப் பையன் அதைப் போட்டோ எடுத்து உடனே யாருக்கோ அனுப்பப் பார்த்தான். டவர் இல்லை.

ஆறே முக்காலுக்குச் சூரியன் வந்தது. கீழே நத்தம் முழுக்க மூடுபனி. கரந்தமலையும், வலது ஓரத்தில் அழகர்மலையும் பனிக்கு மேலே முதுகு மட்டும் தெரியக் கிடந்தன. மார்கழி, தையில் இது தினமும் நடக்கிற விஷயம்தான். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் தேங்கிவிடும். அதன்மேல் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று உட்கார்ந்துகொள்ளும். அடுப்புப் புகை, குப்பை எரித்த புகை, லாரிப் புகை எல்லாம் மேலே ஏற முடியாமல் பனியோடு கலந்து கீழேயே கிடக்கும். சமூக வலைத்தளத்தில் "மேகக் கடல்" என்று போடுகிற படங்களில் பாதி இந்தப் புகைதான். வெளிச்சம் பட்டால் பொன்னிறமாகத் தெரிகிறது என்பதால் நானும் எடுத்தேன். 200 மில்லிமீட்டர் ஜூமில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வந்தன, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு பங்கு வெளிறி.

எட்டரைக்கு மேல் வெயில் ஏற, கீழே கிடந்த பனி கிளம்பி மலையேறியது. நாங்கள் நின்ற பாறையையே மூடிவிட்டது. பத்தடி தள்ளி நின்ற மாமா தெரியவில்லை, இருமல் மட்டும் கேட்டது.

அந்த மூட்டத்தோடேயே அகஸ்தியர்புரம் போய், வெள்ளிமலை ஏறினோம். செங்குத்தான பாதை, கல்லும் வேருமாக. இந்த மலை ஒரு காலத்தில் முழுக்க வெள்ளியாக இருந்ததாம். மனிதர்களின் பேராசைக்குப் பயந்து அகத்தியர் அதைக் கல்லாக மாற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். சஞ்சீவி மலையில் இருந்து விழுந்த துண்டுதான் சிறுமலை என்று இன்னொரு கதையும் உண்டு, இதை டீக்கடையில் ஒருவர் சண்டைக்கு வருகிற குரலில் சொன்னார். உச்சியில் சிவன் கோயில். சுற்றி நாலா பக்கமும் வெள்ளை. எங்கே கொடைக்கானல், எங்கே மதுரை, ஒன்றும் தெரியவில்லை. மேலே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "மலைய எங்க இருந்து பாத்தாலும் தெரியும்மா, மலைல இருந்து பாத்தாத்தான் தெரியாது" என்றார். பிறகு ஐந்து ரூபாய் இருக்குமா என்று கேட்டார். பத்து கொடுத்தேன்.

அவர் சொன்னதில் தப்பில்லை. மேலே நின்றால் சிறுமலை கிடையாது, கீழே இருக்கிற ஊர்கள்தான் தெரிகின்றன. சிறுமலையின் உருவம் வேண்டுமென்றால் சாத்தையாற்றுக்கோ நத்தம் ரோட்டுக்கோதான் போக வேண்டும்.

மத்தியானம் தூக்கம். சாயங்காலம் தூறல். மாமாவின் காலில் இரண்டு அட்டை. உப்பு போட்டு எடுத்தார்கள். அட்டை விழுந்த பிறகும் அவர் உப்பை விடவில்லை.

ஜனவரி 8, வியாழன். மலைவாழை, குதிரை, காட்டுமாடு

ஆள் இல்லாத காடு தேடி நடந்தால் ஒவ்வொரு முறையும் யாருடைய தோட்டத்துக்குள்ளாவது போய் நிற்கிறோம். தூரத்தில் அடர்ந்த காடாகத் தெரிவது கிட்டே போனால் காப்பி, அதன்மேல் நிழலுக்குச் சவுக்கு மாதிரி உயர்ந்த சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, இடையில் எலுமிச்சை, பலா, வாழை. முதல் நாள் இது எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு எரிச்சல் போய், தோட்டக்காரர்களோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

சிறுமலை மலைவாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. தோல் தடிமன், சதை இறுகலாக இருக்கும், ஈரம் குறைவு, இனிப்போடு ஒரு புளிப்பு. ஈரம் குறைவு என்பதால் சீக்கிரம் கெடாது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி வாழையும் சிறுமலை வாழையும் கேட்பது இதனால்தான். சாதாரண வாழையைப் பிசைந்தால் நீர்த்துப்போகும். ஆனால் ஒரு காலத்தில் மலை முழுக்க இருந்த வாழையை முடிக்கொத்து நோய் தின்றுவிட்டது. அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ். இலைகள் சிறுத்துக் கொத்தாக உச்சியில் நின்றுவிடும், தார் போடாது. மருந்து கிடையாது, மரத்தைத் தோண்டி அழிக்க வேண்டும். பக்கக்கன்றை எடுத்து அடுத்த தோட்டத்தில் நட்டால் நோயும் கூடவே போகும். எனக்குத் தோட்டத்தைக் காட்டியவர் நோய் வந்த ஒரு மரத்தின் பக்கத்தில் நின்று இதையெல்லாம் சொன்னார். அவர் முகத்தை எடுக்கலாமா என்று கேட்டேன். மரத்தை எடுங்க என்றார். எடுத்தேன். பயணத்தில் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான். அதில் மலையும் இல்லை, வானமும் இல்லை.

பழம் ஒன்று 8 ரூபாய். திண்டுக்கல்லில் 12 என்று அவரே சொல்லிவிட்டார்.

ஜீப் போகாத தோட்டங்களில் இருந்து சுமை இறக்க இன்னும் குதிரைதான். சரிவில் எலுமிச்சை மூட்டைகளோடு ஒரு குதிரை இறங்கி வந்தது. பின்னால் வெயில், குதிரையின் மூச்சு ஆவியாகத் தெரிகிறது, மூட்டையில் இருந்து பனி சொட்டுகிறது. கேமராவைத் தூக்கினேன். குதிரைக்காரர் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"இப்ப வேணாம்மா. சேறும் சகதியுமா இருக்கான்."

சேறோடு இருந்தால்தான் நன்றாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒங்களுக்கு நல்லாருக்கும். பாக்கிறவுக நான் கவனிக்கலைம்பாக. பொங்கலுக்கு வாங்க, குளுப்பாட்டி, மாலை போட்டு நிப்பாட்டுறேன். எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கங்க."

மற்ற ஊர்களில் மாட்டுக்குச் செய்கிற பொங்கலை இங்கே குதிரைக்குச் செய்கிறார்கள். நியாயம்தானே. அவர் நகரவில்லை, நானும் கேமராவை இறக்கிவிட்டேன். மாமா குதிரைக்கு இரண்டு பழம் கொடுத்தார். தோலோடு தின்றது. குதிரைக்காரர் மாமாவிடம் பீடி இருக்கிறதா என்று கேட்டார். பஸ், குதிரை இரண்டின் முன்சக்கரம், முன்கால் பற்றி இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இறக்கத்தில் எதையும் இழுத்துப் பிடிக்கக்கூடாது, மெதுவாக விட வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு, அக்காவின் கையால். 200 ரூபாய்க்கு எலும்பு அதிகம் என்று மாமா முணுமுணுத்தார், தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. குழம்பில் தேங்காய் குறைவு, மிளகு அதிகம்.

சாயங்காலம் அஸ்தமனத்துக்காகக் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பக்கத்தில் உள்ள வியூ பாயின்ட். கம்பித் தடுப்பு, தின்பண்டக் காகிதம், பாறையில் பெயிண்டில் காதலர் பெயர்கள். ஆனாலும் திண்டுக்கல் நகரமும் அதன் நடுவே மலைக்கோட்டையும் தெளிவாகத் தெரிகின்றன, அதற்குப் பின்னால் பழனி மலை வரிசை நீளமாக. சூரியன் இறங்கிய பிறகு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். நீல வெளிச்சம் வந்து, நகரத்தில் விளக்குகள் ஏற்றி, வானமும் தரையும் ஒரே அளவு பிரகாசத்துக்கு வருகிற நேரம் அது. வந்திருந்த கூட்டம் சூரியன் மறைந்த அடுத்த நிமிடமே வண்டியைக் கிளப்பிப் போய்விட்டது. அதன்பிறகு கிடைத்த படங்கள்தான் உருப்படியானவை.

திரும்பும்போது நல்ல இருட்டு. ஒரு வளைவில் வெளிச்சத்தில் வெள்ளைக் காலுறை போட்டது போல நான்கைந்து கால்கள் தெரிந்தன. காட்டுமாடுகள். ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஒன்றின் தோள் காரின் கூரைக்கு மேலே இருந்தது. மாமா பெரிய விளக்கை அணைத்து, சின்ன விளக்கில் வண்டியை நிறுத்தினார். கை ஹாரனுக்குப் போகவே இல்லை. கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் கேமரா பையின் ஜிப்பில் கை வைத்தேன், "ஏ பாப்பா, சத்தம்" என்றார். கடைசியாக நின்ற ஒன்று எங்களைப் பார்த்துப் பலமாக மூச்சு விட்டுவிட்டுச் சரிவில் இறங்கியது. அதற்குப் பிறகும் சற்று நேரம் மாமா வண்டியை எடுக்கவில்லை. "பெரியகுளம் ரோட்டுல யானைக்கே நின்னிருக்கேன்" என்றார். அது எந்த வருஷம் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

ஜனவரி 9, வெள்ளி. இறக்கம், திண்டுக்கல், நத்தம்

காலையில் எழுந்தபோது மூட்டம் விலகவே இல்லை. படம் எதுவும் எடுக்கவில்லை. வரக்காப்பி குடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கணக்கு முடிக்கும்போது அக்கா சுடுதண்ணீர் வாளிகளைக்கூட விரல்விட்டு எண்ணிச் சொன்னார், ஒன்று குறைத்தே சொன்னார். விடுதியின் முன்பணம் பற்றிக் கேட்க மறுபடி போனோம். மேனேஜர் இன்றும் திண்டுக்கல்லில்தான். அப்புறம் திண்டுக்கல் போய்ப் போன் அடித்தோம். அவர் சிறுமலைக்குக் கிளம்பிவிட்டாராம்.

திண்டுக்கல்லில் சிறுமலை செட் என்றே ஒரு மொத்தச் சந்தை இருக்கிறது. மலையில் விளைவது அங்கேதான் வந்து விலையாகிறது. எலுமிச்சை, வாழைத்தார் எல்லாம் குவியல் குவியலாக. நேற்று குதிரை முதுகில் பார்த்த அதே மாதிரி மூட்டைகளை இங்கே ஆள் தோளில் பார்த்தேன். அதன்பின் சீரக சம்பா பிரியாணி. கடையை மாமாதான் தேர்ந்தெடுத்தார். எதிரில் எத்தனை பஸ் டிரைவர்கள் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் அவருடைய அளவுகோல். இரண்டு பேருக்கு 520 ரூபாய். தால்சா நன்றாக இருந்தது, பிரியாணியைவிட.

நத்தம் ரோட்டில் பழனிக்கு நடக்கிறவர்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் பச்சை வேட்டியும் வெறும் காலுமாகச் சின்னச் சின்னக் கூட்டங்கள். வெயில் ஏறி, மலை வெளிறிப்போன நேரம் அது. அவர்களோடு சேர்த்து எடுத்தேன். ஒரு பாட்டி என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார், பிறகு தண்ணீர் இருக்கிறதா என்றார். இருந்த தண்ணீரையும் மலைப்பழத்தில் ஒரு சீப்பையும் கொடுத்தோம். "எந்த ஊருப் பழம்யா?" என்றார். சிறுமலை என்றதும், "அப்ப அப்பனுக்கே ஆகட்டும்" என்று மடியில் முடிந்துகொண்டார். ஒன்றையாவது தின்னுங்க என்று மாமா கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை.

நத்தத்தில் புளி இரண்டு கிலோ வாங்கினோம், அம்மாவின் உத்தரவு. கொட்டை எடுத்தது 180, எடுக்காதது 110. எடுக்காததை வாங்கினால் வீட்டில் யார் எடுப்பது என்று ஒரு விவாதம் நடந்து, எடுத்ததையே வாங்கினோம்.

மதுரையை நெருங்கியபோது மணி ஐந்தே முக்கால். நத்தம் ரோட்டு மேம்பாலம் 7.3 கிலோமீட்டர் நீளம். மேலே ஏறியதும் வலதுபக்கம் பார்த்தேன். தூரத்தில் சிறுமலை முழு நீளத்துக்கும் தெரிந்தது, சாயங்கால வெயில் அதன்மேல் இடதுபக்கமிருந்து சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. நடுவில் தடையே இல்லை, கம்பமில்லை, கட்டடமில்லை. இத்தனை நாள் தேடிய படம்.

"மாமா, ரெண்டே நிமிஷம் நிறுத்துங்க."

"பாலத்துல நிறுத்தக்கூடாது, போர்டு போட்டிருக்கான்ல."

"யாரும் இல்ல மாமா."

"யாரும் இல்லாட்டியும் போர்டு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, ஒரே சீராக ஐம்பதில் ஓட்டிக்கொண்டு போய் தல்லாகுளத்தில் இறக்கிவிட்டார்.